ஒரிவால்துவுக்கு வயசு பத்தவில்லை

நல்ல காய்ப்புக் காலத்தில், உச்சிப்பொழுதில், வாசலில் ஆட்கள் வரிசை கட்டி நிற்கும்போது அசாயிப் பழச்சாறு விற்கிற ஒரு கடைக்காரி, சரக்கு இருக்கிறதென்று கட்டிய சிவப்புக் கொடியை இறக்குகிறாள் என்றால், ஒன்று அந்த வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டும், இல்லை புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ ஆகியிருக்க வேண்டும். ஒதீலா கொடியை இறக்கிய அன்றைக்கு யாரும் சாகவில்லை.

அடுத்த கடை என்னுடையது. மரவள்ளி மாவு விற்கிறேன். இரண்டு கடைக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர், அதிலும் கணு உதிர்ந்த இடத்தில் ஒரு ஓட்டை. அவளிடம் அசாயி வாங்குகிறவர்கள் என்னிடம் மாவு வாங்காமல் போக முடியாது. மாவு போடாமல் அசாயியைக் குடிக்கிறவன் எங்கள் கமெத்தா ஊரில் பிறந்தவனாக இருக்க மாட்டான். அதனால் அந்த வீட்டுச் சங்கதி எதுவும் எனக்குத் தெரியாமல் போகாது. ஒட்டுக் கேட்கிற பழக்கம் எனக்கில்லை. காது இருக்கிறது, கேட்கிறது.

ஒதீலாவின் புருஷன் ஒரிவால்து விடியும் முன்பே படகுத்துறைக்குப் போய்விடுவான். தீவுகளிலிருந்து பழக்கூடைகள் வந்து இறங்கும். மேலே கறுத்துத் திரண்ட பழம், அடியில் நேற்றைய வாடல், இல்லை பச்சைக் காய். தீவுக்காரர்கள் அப்படித்தான் அடுக்குவார்கள், கேட்டால் சத்தியம் செய்வார்கள். ஒரிவால்து ஒரு வார்த்தை பேசமாட்டான். முழங்கை வரை கூடைக்குள் விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, வெளிச்சத்தில் பார்த்து, ஒன்றைக் கடித்துத் துப்புவான். அடி காணாமல் ஒரு கூடை அவன் வாங்கியதில்லை. அவன் தலை தெரிந்தாலே சில படகுகள் அடுத்த படிக்கட்டுக்கு நகர்ந்துவிடும்.

கூடை வீட்டுக்கு வந்தபிறகு எல்லாம் ஒதீலாவின் பொறுப்பு. பொறுக்குவது, மூன்று தண்ணீர் அலசுவது, கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுப்பது, மறுபடி குளிர்ந்த தண்ணீர், பிறகு சதையைப் பிரிக்கிற மெஷின். கெட்டி, நடுத்தரம், தண்ணி என்று மூன்று விதமாக இறக்கிப் பையில் கட்டிக் கொடுப்பாள். அவள் கை முழங்கை வரைக்கும் நாவல்பழ நிறம். அவளுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. குழந்தை இல்லை.

ஒரிவால்துவுக்கு ஒரு மகள் உண்டு, செத்துப்போன முதல் பெண்டாட்டிக்குப் பிறந்தவள். பெயர் ஜுசிலேனி. பிறவியிலேயே காது கேளாது. காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் பெலேம் நகரத்தில் இருந்ததால் அத்தைக்காரி வீட்டில் வளர்ந்து, அங்கேயே தையல் வேலைக்குப் போய், அவளைப் போலவே காது கேளாத ஒரு பையனைக் கட்டிக்கொண்டாள். வாரம் ஒருமுறை அத்தை போனில் கூப்பிட்டு, "புள்ள ஆசீர்வாதம் கேக்குது" என்று சொல்லுவாள். இவன் பழைய பட்டன் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஆசீர்வாதம் கொடுப்பான். இந்த வருஷத் தொடக்கத்தில் அத்தை காலமானாள். அதோடு பெலேமுக்கும் கமெத்தாவுக்கும் நடுவே பேச்சு அறுந்துபோனது.

மழை ஓய்ந்த சமயத்தில் பெலேம் படகில் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே புதுத் தொடுதிரை போன். மகள் வாங்கி அனுப்பியிருந்தாள்.

ஒதீலா அந்தப் பெட்டியை மேலும் கீழும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எதுக்கு அனுப்புனாளாம்?"

"எதுக்கா? அவளுக்குக் காது கேக்காது, எழுதத்தான முடியும்" என்றான் ஒரிவால்து.

"எழுதினா ஒனக்குப் படிக்கத் தெரியுமா?"

"நீ இருக்கியே."

அதுதான் விஷயம். ஒரிவால்துவுக்கு எழுத்து தெரியாது. தீவில் பிறந்தவன், பள்ளிக்கூடப் படகு வருகிற வயதில் மரத்தில் ஏறிக்கொண்டிருந்தான். ஒதீலா நாலாம் வகுப்பு முடித்தவள். சுகாதாரக்காரர்கள் ஒட்டிவிட்டுப் போகிற தாளிலிருந்து மருந்துப் பெட்டி வரைக்கும் அந்த வீட்டில் வாசிக்கிறவள் அவள்தான், அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

முதல் செய்தி வந்த அன்றைக்குக் கடை நிறைய ஆள். ஒதீலா கையைத் துடைத்துக்கொண்டு சத்தமாக வாசித்தாள். "ஆசீர்வாதம் குடுங்கப்பா. நான் நல்லா இருக்கேன். நான் மாசமா இருக்கேன், மழைக்கு முன்ன பொறந்துரும். ஒடம்பப் பாத்துக்கோங்க."

ஒரிவால்து தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான். "ஆண்டவன் ஒன்ன ஆசீர்வதிக்கட்டும் மகளே" என்று போனைப் பார்த்துச் சொன்னான். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அவன் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இம்புட்டு நெறையா எறும்பு ஊருதே. நீ வாசிச்சது கொஞ்சமா இருக்கே."

"எழுத்துன்னா எடத்த அடைக்கும்யா. ஒனக்கென்ன தெரியும். தள்ளு, அடுத்தது யாரு, கெட்டியா நடுத்தரமா?"

எனக்கு அப்போதே கொஞ்சம் உறுத்தியது. ஆனால் அடுத்தவர் வீட்டுக் கூடையில் கைவிடுகிற ஆள் நானில்லை. அதற்கப்புறம் இன்னும் இரண்டு செய்தி வந்தது. அவள் வாசிக்க, அவன் தொப்பியைக் கழற்ற, "அவ்வளவுதானா?", "அவ்வளவுதான்."

வம்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் ஒதீலா போனை எடுத்தால் செய்தி திறக்கவில்லை. வெள்ளைத் திரையில் ஒரு கட்டம். அவள் வாய்விட்டு வாசித்தாள்: "தொடர்வதற்கு உங்கள் வயதை உறுதி செய்யவும். முகத்தைக் காட்டவும்."

"என்ன வயசு? யாருக்கு?" என்றான் ஒரிவால்து.

ஒதீலா கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். புதுச் சட்டம் வந்திருப்பதைப் பற்றி ரேடியோவில் அந்த மாதம் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் அசிங்கத்தைப் பார்க்காமல் இருக்க, இனிமேல் போனே வயதைக் கேட்குமாம். எங்கள் படகுத்துறையில் அது எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டது என்றால், அசிங்கத்தைப் பார்க்கிறவனிடம் மட்டும்தான் போன் வயதைக் கேட்கும். என்னிடம் கேட்கவில்லை, உன்னிடம் கேட்கவில்லை, அவனிடம் கேட்டது என்றால் என்ன அர்த்தம்?

வரிசையில் முதல் ஆளாக மார்லுசி நின்றிருந்தாள். ஊர் வம்பையெல்லாம் பையில் கட்டிக்கொண்டு போகிறவள். "ஐயய்ய, ஒங்க வீட்டுக்கும் வந்துட்டா?" என்றாள், வருத்தப்படுகிறவள் மாதிரி. "ஆம்பளைங்கள நம்பவே முடியாதுக்கா. இவரு கோயில் கொடி பிடிக்கிறவரு வேற."

"நான் எதையும் பாக்கல" என்றான் ஒரிவால்து. காது சிவந்துவிட்டது. அந்தச் சிவப்பை நானும் ஓட்டை வழியாகப் பார்த்தேன். ஒன்றும் செய்யாதவனுக்குக் காது எதற்குச் சிவக்கிறது?

"பாக்காதவன்கிட்ட அது எதுக்குய்யா வயசு கேக்குது? என்கிட்ட கேக்கச் சொல்லு பாப்போம்!"

"அது மெசினு. அதுக்கென்ன தெரியும்?"

"மெசினுக்கு எல்லாம் தெரியும். மனுசனுக்குத்தான் தெரியாது."

"சரி, மூஞ்சியத்தான கேக்குது? காட்டிட்டாப் போச்சு."

"காட்டுவ, காட்டுவ!" என்று மார்லுசி குறுக்கே விழுந்தாள். "எங்க சின்னம்மா காட்டுனா. அந்த மூஞ்சிய வச்சு எவனோ அவ பேர்ல கடன் எடுத்துட்டான். மூஞ்சியும் போச்சு, பென்சனும் போச்சு."

அதோடு அந்தப் போனை யாரும் தொடவில்லை. ஒதீலா தொடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரிவால்து முதலிலிருந்தே தொட்டுக்கொண்டுதான் இருந்தான், இப்போதும் விடவில்லை. செய்திகள் மூடிக்கிடந்தாலும் படம் பார்க்கிற வழி திறந்திருந்தது. அசாயி விற்றுத் தீர்ந்து, கொட்டைக் குப்பையைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டு, ஒதீலா ஊஞ்சல்படுக்கையில் கண்ணயர்கிற நேரம் பார்த்து அவன் நழுவிவிடுவான். துறையின் கடைசிப் பலகை வரைக்கும் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு காதில் மட்டும் ஒயரைச் செருகிக்கொள்வான்.

இரண்டாம் நாளே ஒதீலா கண்டுபிடித்துவிட்டாள். என்னையும் இழுத்துக்கொண்டு, இறால் கூடைகளுக்குப் பின்னால் போய் நின்றாள். அங்கிருந்து அவன் கன்னம் மட்டும்தான் தெரிந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது.

"பாத்தியா, பேசுறான்" என்றாள்.

"பாட்டு முணுமுணுக்கானா இருக்கும்."

"இந்த மனுசன் கோயில்லயே பாட மாட்டான். எவகிட்டயோ கொஞ்சுறான்க்கா. ஒதட்டப் பாரு, எவ்வளவு மெதுவா, எவ்வளவு பதனமா! என்கிட்ட எப்பவாவது இப்பிடிப் பேசியிருக்கானா? 'மாவு எங்க, மீன் எங்க'ன்னுதான் வாய் தொறப்பான்."

எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது, மறைப்பானேன். ஒரு மனிதன் பேசிவிட்டு நிறுத்துகிறான், காது கொடுக்கிறான், மறுபடி அதையே பேசுகிறான், நடுவில் தலையில் தட்டிக்கொண்டு சிரிக்கிறான். பல் பாதி போன ஐம்பத்தொன்பது வயது ஆள், காதல் வந்த பையன் மாதிரி இருந்தான்.

அன்று சாயங்காலமே ஒதீலா அவனுடைய ஊஞ்சல்படுக்கையை அறையிலிருந்து அவிழ்த்து, மெஷின் பக்கத்தில் கொண்டுபோய்க் கட்டிவிட்டாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பாள். கேட்காமல் அங்கேயே படுத்துக்கொண்டதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

இதற்கிடையில் அவனுக்கு வேறு கவலை. மகளுக்கு மாதம் நெருங்கிவிட்டது, ஒரு செய்தியும் திறக்க வழியில்லை. ஒதீலாவிடம் கேட்க முடியாமல், மீன் சந்தையில் தராசுக்காரனின் விளக்கடியில் நின்று தானே முகத்தைக் காட்டிப் பார்த்திருக்கிறான். திரையில் எழுத்து வந்தது, போனது, வந்தது, போனது. என்ன செய்யச் சொல்கிறது என்று தெரியாமல் போனுக்கு வணக்கம் சொல்லியிருக்கிறான், நாக்கை நீட்டியிருக்கிறான், கடைசியில் தன் அடையாள அட்டையை நெற்றியில் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். சந்தையே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. தராசுக்காரன் திரையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, தோத்துட்டீங்க. இல்லன்னா ஒங்கம்மா வந்து அனுமதி குடுக்கணுமாம்" என்றானாம்.

"எங்கம்மா செத்து இருவது வருசம் ஆவுது. சமாதியில போயிக் கேக்கட்டுமா?" என்று இவன் கத்திவிட்டு வந்துவிட்டான்.

அன்றிலிருந்து அவன் மத்தியானம் அசாயி குடிப்பதை நிறுத்திவிட்டான். வெறும் வறுத்த மீனைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவான். எங்கள் பக்கத்தில் ஒருவன் சோற்றை வேண்டாம் என்றால் கோபம் என்று அர்த்தம். அசாயியை வேண்டாம் என்றால் டாக்டரைத்தான் கூப்பிட வேண்டும்.

"சாப்பாடு எறங்கலையாம் தொரைக்கு" என்று ஒதீலா பலகைச் சுவருக்கு இந்தப் பக்கமாக என்னிடம் சொன்னாள். குரல் ஏச்சாக வந்தது, கண் வேறு மாதிரி இருந்தது. "எவ நெனப்புன்னு தெரியணும்க்கா எனக்கு. தெரிஞ்சாத்தான் தூக்கம் வரும்."

அவன் பழம் வாங்கப் போன சமயம் பார்த்து அவன் தலைமாட்டிலிருந்து போனை எடுத்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் கெய்லாவிடம் போனோம். படித்துறைக்கு மேலே போன் உறையும் சார்ஜரும் விற்கிறவள், பழுதும் பார்ப்பாள். நீல நகம் வளர்த்திருப்பாள், அந்த நகத்தாலேயே எந்தப் போனையும் திறந்துவிடுவாள்.

"கெய்லா, இவன் என்ன கண்றாவியப் பாத்துருக்கான்னு எடு. ஒண்ணு விடாம எடு" என்றாள் ஒதீலா.

கெய்லா திரையைப் பார்த்தாள். முகம் கோணியது. சிரிப்பை அடக்குகிறாள் என்று பிறகுதான் தெரிந்தது.

"அக்கா, யாரு சொன்னா ஒங்ககிட்ட இது அசிங்கம் பாக்கறவங்களக் கேக்கும்னு?"

"ரேடியோ சொல்லுது. ஊரே சொல்லுது."

"ஊரு கெடக்கு. இதுல என்ன போட்டுருக்குன்னு பாருங்க. 'இதைப் பயன்படுத்துபவர் பதினெட்டு வயதுக்குக் கீழ் என்று கருதுகிறோம்.' இந்தப் போன வச்சிருக்கிறது சின்னப் புள்ளன்னு மெசினு நெனச்சிருக்கு. அதனாலதான் பெரியவங்க அனுப்புற செய்திய எல்லாம் நிறுத்தி வச்சிருக்கு."

"சின்னப் புள்ளயா? அவனா? தாடி நரைச்சுக் கெடக்கு!"

"தாடிய அது எங்க பாத்துச்சு? தெனமும் என்ன பாக்கறாங்களோ அத வச்சுக் கணக்குப் போடுது." நகம் இரண்டு தடவை தட்டியது. "இந்தா, அண்ணன் பாத்ததெல்லாம் வரிசையா நிக்குது, பாருங்க."

திரையில் ஒரு பச்சைக்கிளி. தலையில் தொப்பி, கையில் குச்சி. கரும்பலகையில் ஒரு எழுத்தைக் காட்டி அது பாடியது, பின்னாடியே குழந்தைகள் பாடின. கெய்லா கீழே தள்ளத் தள்ள அதே கிளி. முதல் வகுப்புக் கிளி, எழுத்துக் கூட்டும் கிளி, சின்னச் சின்ன வார்த்தை சொல்லிக் கொடுக்கும் கிளி.

"பேரப்புள்ளைங்களா வீட்டுல?" என்றாள் கெய்லா.

"எங்களுக்கு ஏது" என்ற ஒதீலா, அப்படியே நின்றுவிட்டாள்.

எனக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு வந்துவிட்டது. "அடி கூறுகெட்டவளே, ஒன் சக்களத்தி பச்சைக்கிளிடி! படுக்கையக் கொண்டுபோயி உள்ள கட்டு!" என்று அவள் தோளில் அடித்தேன். அவள் சிரிக்கவில்லை. போனை வாங்கி மடியில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். ஆற்றங்கரைச் சுவரோரம் வந்ததும்தான் உட்கார்ந்தாள்.

"அவன் படிக்கக் கத்துக்கிடறான்க்கா."

"நல்லதுதான? பொம்பள தேடிப் போகல, சாராயம் தேடிப் போகல."

"பொம்பளையா இருந்தா மயிரப் பிடிச்சு இழுத்துப் போட்டிருப்பேன். எழுத்த எங்க பிடிச்சு இழுக்க?" அவள் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் முழுசா வாசிக்கலக்கா."

"எத?"

"அந்தப் புள்ள எழுதுனத. மொத தடவையே, 'புள்ள பொறக்கப் போவுது, வாங்கப்பா, எங்ககூடயே வந்து இருங்க'ன்னு எழுதியிருந்தா. அந்த வாங்கங்கிற வார்த்தையப் பாத்ததும் எனக்குக் கண்ணு இருட்டிருச்சு. அதோட மூடிட்டேன். அழிச்சும் போட்டேன். ரெண்டாவதும் அப்பிடித்தான், மூணாவதும் அப்பிடித்தான். அந்த வார்த்த வரைக்கும் வாசிப்பேன், வந்ததும் மூடிருவேன்."

"அதுக்கு மேல என்ன எழுதியிருந்தா?"

"யாருக்குத் தெரியும்? அதுக்கு மேல படிக்க எனக்கு நெஞ்சு இல்ல." முந்தானை மாதிரி ஏப்ரனை இழுத்து முகத்தைத் துடைத்தாள். "அவனுக்கு ரத்தம்னு ஒருத்தி இருக்கா, இப்ப அவ வயித்துல ஒண்ணு இருக்கு. எனக்கு யாருக்கா இருக்கா? இந்த மனுசன் ஒருத்தன்தான். பெலேமுக்குப் போனான்னா திரும்பி வருவானா? இப்ப எழுத்தக் கூட்டிக்கூட்டி ஒரு நாள் அவனே வாசிச்சிருவான். அன்னைக்கே நான் செத்தேன்."

எனக்கு அவள் மேல் கோபம்தான் வந்தது. காது கேளாத பெண் பெற்றவனைக் கூப்பிடுகிறாள், நடுவில் நின்று இவள் கதவைச் சாத்தியிருக்கிறாள். இருபது வருஷமாகப் பக்கத்துக் கடை, இருந்தாலும் கோபம் வந்தது.

"அப்ப விட்டுரு. போனு பூட்டியே கெடக்கட்டும். ஒனக்குச் சவுகரியந்தான" என்றேன், குத்த வேண்டுமென்றே.

"அதத்தான் நானும் நெனச்சேன், இங்க உக்காந்ததுல இருந்து அதத்தான் நெனக்கேன்" என்றாள். "ஆனா அவன் அசாயி குடிக்க மாட்டேங்கிறானே."

"கூடையில அடி பாக்காம விடறவனா அவன்? இன்னைக்கு இல்லன்னா மழைக்குப் பெறகு பாத்துருவான். நீ பக்கத்துல இல்லாத நேரமாப் பாத்து அவன் கண்டுபிடிச்சா, அதுக்குப் பெறகு ஒன்கிட்ட ஒரு வார்த்த கேப்பான்னு நெனக்கிறியா?"

எழுந்து வந்துவிட்டோம்.

மத்தியானம் கடையில் நல்ல கூட்டம். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரிவால்து வாசல் வழியாக உள்ளே வந்து, வரிசையை விலக்கிக்கொண்டு, அவள் முன்னால் நின்றான். கையில் அந்தப் போன், அவள் அதைத் தலைமாட்டிலேயே திரும்ப வைத்திருந்தாள் போலிருக்கிறது.

"ஒதீலா, ஒனக்கு என்மேல என்ன கோவமோ அத பெறகு வச்சுக்க. இது என்ன கேக்குதுன்னு மட்டும் வாசிச்சுச் சொல்லு. புள்ளைக்கு என்னாச்சுன்னு தெரியல. எனக்கு நெஞ்சு அடைக்குது."

எல்லார் முன்னாலும் சொன்னான். ஒதீலா மெஷினை நிறுத்தினாள். வெளியே போய்ச் சிவப்புக் கொடியை இறக்கிச் சுருட்டிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, என் பாத்திரம்!" என்று மார்லுசி கத்தினாள்.

"பாத்திரத்தத் தூக்கிக்கிட்டு அடுத்த தெருவுக்குப் போ. இங்க இன்னைக்கு அசாயி இல்ல."

கதவில் பாதியைச் சாத்தினாள். நான் என் கடையிலேயே இருந்தேன், ஓட்டைக்கு நேராக.

ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு, திறந்திருந்த பாதிக் கதவின் வெளிச்சத்துக்கு நேராக அவனை உட்காரவைத்தாள். தொப்பியை எடுத்தாள். கன்னத்தில் தெறித்திருந்த சாற்றை ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். போனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாள்.

"கிட்ட வா. இன்னும் கிட்ட. எடது பக்கம் திரும்பு. எடதுய்யா, கூடை தூக்குற கை. ம். இப்ப வலது. கண்ண மூடித் தொற."

"அப்பறம்?"

"சிரிக்கணுமாம்."

"சிரிக்கிற மாதிரியா இருக்கு எனக்கு?"

"மெசினுக்காகச் சிரியேன்யா."

அவன் பல் பாதி போன வாயைத் திறந்து காட்டினான். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ஒதீலாவின் கட்டைவிரல் திரையின் ஓரத்தில் நின்றது. அந்த இடத்தில் ஒரு தட்டுத் தட்டி, 'தோத்துப்போச்சு' என்று சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். அவள் விரலை எடுத்துக்கொண்டாள்.

"நீ பெரிய ஆளுன்னு ஒத்துக்கிடுச்சு" என்றாள்.

அப்போதே ஒரு செய்தி வந்து விழுந்தது, இத்தனை நாள் தடுத்து வைத்திருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் போனை வாங்கிக்கொண்டான். பிடுங்கவில்லை, மெதுவாகத்தான் வாங்கினான். அவள் பின்வாங்கி மெஷினில் சாய்ந்து நின்றாள்.

அவன் விரலைத் திரையில் வைத்தான். "ஆ... ஆசீர்வாதம்" என்றான். அந்தச் சொல்லின் உருவம் அவனுக்குத் தெரிந்துபோயிருந்தது. கவிழ்த்த கூடையிலிருந்து எழுந்து, "ஆண்டவன் ஒன்ன ஆசீர்வதிக்கட்டும் மகளே" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தான். "கு... டுங்... கப்... பா. பா... பாப்... பா. பொ... றந்..." நிமிர்ந்து பார்த்தான். "பொறந்தாச்சு! ஒதீலா, பாப்பா பொறந்தாச்சுன்னு போட்டுருக்கு!" கண்ணில் தண்ணீர் ஓடிற்று. துடைத்துக்கொள்ளவில்லை. "பொண்... ணு. பொம்பளப் புள்ள!"

விரல் அடுத்த சொல்லுக்கு நகர்ந்து நின்றது. "வ... வா..." அங்கேயே தடுக்கியது. மறுபடி முதலிலிருந்து வந்தான். "வா..." கிளி இவ்வளவு தூரம் சொல்லிக்கொடுக்கவில்லை போல.

"வாங்க" என்றாள் ஒதீலா.

அவன் தலையைத் தூக்கினான். போன் அவன் கையில், அவன் முகத்தைப் பார்த்து இருந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து அவளுக்குத் தெரிந்தது போனின் முதுகு மட்டும்.

"பாக்காமயே சொல்ற."

அவள் ஏப்ரனில் கையைத் துடைத்தாள்.

"முந்தியும் இருந்துதா, இந்த வார்த்த?"

"இருந்துது."

"ரெண்டாவதுலயும்?"

"மூணுலயும்."

தகரக் கூரையில் மழை விழ ஆரம்பித்தது, முதலில் ஒன்று இரண்டாக, பிறகு மொத்தமாக. அவன் அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் அப்படிப்பட்டவன் இல்லை, ஆனாலும் நினைத்தேன். அவன் எழுந்துபோய், போனை அவள் நெஞ்சுக்கு நேராக நீட்டினான்.

"இம்புட்டு நாளும் மேல கெடந்தத மட்டும் காட்டியிருக்க. இப்ப அடி வரைக்கும் போ. ஒண்ணு விடாம வாசி."

ஒதீலா வாங்கினாள். "'வாங்க. எங்ககூடயே வந்து இருங்க'" என்று வாசித்தாள். எப்போதும் மூடிவிடுகிற இடம் அது. அதைத் தாண்டிப் போனாள். இரண்டு வரி அவள் உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. நாலாம் வகுப்பு படித்தவள், ஊருக்கே வாசித்துக் காட்டுகிறவள், கிளி சொல்லிக்கொடுத்த மாதிரி எழுத்துக் கூட்ட ஆரம்பித்தாள்.

"'ஒ... தீ...'"

"என்ன?" என்றான் அவன்.

"'ஒதீலாம்மா, அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டறது நீங்கதான்னு எனக்குத் தெரியும். நீங்களும் வாங்க. பாப்பா அழுதா எனக்கும் கேக்காது, எங்க வீட்டுக்காரருக்கும் கேக்காது. காது கேக்கிற பொம்பள ஒருத்தி வீட்டுல வேணும். நாலாவது தடவையாக் கேக்கறேன். நீங்க ஒரு பதிலும் சொல்ல மாட்டேங்கிறீங்களே.'"

மழைச் சத்தத்தில் அதற்குமேல் எனக்குக் கேட்கவில்லை. மார்லுசி மட்டும் பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திரும்பி வந்து, கொடி ஏறுமா ஏறாதா என்று என் கடை வாசலில் நின்று கேட்டாள். ஏறாது, பெலேம் படகு எத்தனை மணிக்கு என்று போய் விசாரித்து வா, என்று அவளை அனுப்பிவைத்தேன்.